கிராமச் சபையில் ஸ்தோத்திர ஆராதனையை ஆயத்தம் செய்யும் முறை

திருநெல்வேலிச் சீமையின் கிராமச் சபைகளில் ஸ்தோத்திரம் செலுத்துவதற்கென்றே சில நாட்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அறுப்பின் பண்டிகை, ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம் என்னும் சபை விருந்து, டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனை ஆகியவை எல்லாச் சபைகளுக்கும் பழக்கமானவை. இவற்றில் ஒன்றின் ஆராதனை முறையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு சபை ஊழியருக்கோ, கமிட்டியில் ஒருவருக்கோ, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளருக்கோ வந்து சேரும்போது, முந்தின வருஷத்துத் தாளை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிவிடுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தாலும் ஆராதனை நடந்துவிடும். ஆனால் அந்த வருஷத்தில் அந்த ஊருக்குக் கர்த்தர் செய்தது எதுவும் அதில் இராது. சபையார் எதற்காக நன்றி சொல்லுகிறார்கள் என்பது அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து வரவேண்டும் என்பதும், அதைச் சொல்லும் வாய் நடத்துகிறவருடையதாக மட்டும் இராமல் சபையாருடையதாக இருக்கவேண்டும் என்பதும் இந்தக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

முதலில் நாளைத் தெரிந்துகொள்ளுதல். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் உண்டு. பிசான நெல் மாசி, பங்குனியில் களத்துக்கு வருகிறது. தேரி என்னும் செம்மணற்காட்டுப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிற வேலை பங்குனி தொடங்கி ஆடி வரையில் நடக்கிறது. உப்பளத்திலோ மழை வந்தால் வேலை நின்றுவிடும். பண்டிகையின் தேதி தலைமுறைகளாக நிலைத்திருந்தால் அதை மாற்றவேண்டியதில்லை. ஆனால் புதிதாகக் குறிக்கிற சபை, பக்கத்து ஊர்ப் பண்டிகையோடு மோதாத ஞாயிற்றுக்கிழமை எது என்று மட்டும் பாராமல், தன் ஜனங்கள் கையில் பலன் இருக்கிற மாதம் எது என்பதையும் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் வேலையற்று இருக்கிற உப்பளத் தொழிலாளியிடம் அறுப்புக் காணிக்கை கேட்பது அவரைத் தலைகுனிய வைப்பதாகும்.

வீடுகளைச் சந்தித்தல்

ஆராதனைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடுகளுக்குச் செல்லவேண்டும். இந்த வேலையை, பல சபைகள் சேர்ந்த சேகரத்துக் குருவானவர் ஒருவரே செய்ய இயலாது. ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர், அவர்களில் ஒருவர் பெண், என்று பிரித்துக்கொண்டால் சிறிய சபையில் சில மாலைப்பொழுதுகளில் முடிந்துவிடும். பெண் ஒருவர் இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பிரசவம், வயிற்றுக் கட்டி, குடிகாரக் கணவன் திருந்தியது போன்ற காரியங்கள் ஆண்கள் மட்டும் போய் நின்றால் வெளியே வராது.

கேட்கிற கேள்வியில் கவனம் வேண்டும். “கர்த்தர் உங்களுக்கு என்ன நன்மை செய்திருக்கிறார்?” என்று கேட்டால், “ஆண்டவரு ஒரு கொறையுமில்லாம நடத்துதாரு ஐயா” என்ற பதில்தான் கிடைக்கும். அது உண்மையான பதில்தான் என்றாலும், அதை வைத்து ஜெபம் எழுத முடியாது. “போன பண்டிகைக்கும் இந்தப் பண்டிகைக்கும் நடுவில் இந்த வீட்டில் என்ன மாறியிருக்கிறது?” என்று கேட்கலாம். அப்போது கிணற்றில் தண்ணீர் ஊறியது, மகள் நர்சிங் முடித்தது, வளைகுடா நாட்டிலிருந்து மகன் பத்திரமாகத் திரும்பியது, பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் கடன் அடைந்தது என்று ஒவ்வொன்றாக வரும். இழப்புகளும் வரும். அவற்றையும் எழுதிக்கொள்ளவேண்டும், பின்னால் அவை தேவைப்படும். எதைச் சபையில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அந்த வீட்டாரிடமே கேட்டு அடையாளம் இட்டுக்கொள்வது கட்டாயம். ஒருவருடைய நோயைப் பற்றி அவர் அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியில் ஸ்தோத்திரம் சொல்லுவது நன்றியாகாது.

ஜெபத்தை எழுதுதல்

எழுதாமல் ஆவியின் ஏவுதலால் ஜெபிக்கவேண்டும் என்கிறவர்கள் நம்முடைய சபைகளில் உண்டு. அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. ஆனாலும் பண்டிகை நாளின் பொது ஸ்தோத்திரத்தை எழுதி வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். எழுதாமல் ஜெபிக்கிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பழகிப்போன சொற்றொடர்களையே திரும்பச் சொல்லுகிறார்கள், நோட்டில் எழுதிய வீட்டுக் காரியங்கள் மறந்துபோகின்றன.

எழுதுவதற்கு ஒரு நல்ல மாதிரி நம்முடைய கையிலேயே இருக்கிறது. ஆங்கிலிக்கன் ஜெபப்புஸ்தகத்திலுள்ள பொது ஸ்தோத்திர ஜெபம் எட்வர்டு ரேனால்ட்ஸ் என்னும் அத்தியட்சரால் (பேராயரால்) எழுதப்பட்டு 1662ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதன் வரிசையைக் கவனிக்கவேண்டும். முதலில் சிருஷ்டிப்பு, அடுத்தது பாதுகாப்பு, அதன்பின் இம்மைக்குரிய ஆசீர்வாதங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிறிஸ்துவினால் வந்த மீட்பு, கிருபையின் வழிவகைகள், மகிமையின் நம்பிக்கை என்று அது ஏறிச் சென்று, உதடுகளினால் மட்டுமல்ல, நடக்கையினாலும் துதிக்க அருள் கேட்டு முடிகிறது. சபையாருடைய குறிப்புகளை இந்த வரிசையில் வைத்தால் ஜெபம் கலையாமல் நடக்கும். மழையும் விளைச்சலும் சிருஷ்டிப்பின் கீழ் வரும். பனையேறுகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர்கள் காக்கப்பட்டது பாதுகாப்பின் கீழ் வரும். படிப்பும் வேலையும் கல்யாணமும் ஆசீர்வாதங்களில் சேரும். ஞானஸ்நானம், ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்துகிற திடப்படுத்தல், அந்த வருஷத்தில் சபையில் பிரசங்கிக்கப்பட்ட வார்த்தை ஆகியவை கிருபையின் வழிவகைகளில் அடங்கும். அறுப்பின் பண்டிகைகளில் நெல்லுக்கும் வாழைக்கும் விரிவாக நன்றி சொல்லிவிட்டு மீட்பை ஒரே வார்த்தையில் கடந்துவிடுகிற குறை அடிக்கடி காணப்படுகிறது. இந்த வரிசை அதற்கு இடம் கொடாது.

சபையார் பதிலுரைக்கும்படி எழுதுவது இன்னும் நல்லது. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்றே முடிகின்றன. எகிப்தும் செங்கடலும் வனாந்தரமும் ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வர, ஜனங்கள் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் முதல் இரண்டு வரிக்குள் சேர்ந்துகொள்ளலாம். அந்த மாதிரியில் நம்முடைய ஊருக்கென்று இவ்விதமாக எழுதலாம்:

பாபநாசத்து மலைகளில் மழையை வருஷிக்கப்பண்ணி, எங்கள் கால்வாய்களில் தண்ணீரை ஓடவிட்டீர்;
அவர் கிருபை என்றுமுள்ளது.
பிசான நெல்லைக் களம் சேர்த்து, எங்கள் பிள்ளைகளின் பசியை ஆற்றினீர்;
அவர் கிருபை என்றுமுள்ளது.
உப்பளத்து வெயிலில் நின்றவர்களுக்குப் பெலனும் கூலியும் தந்தீர்;
அவர் கிருபை என்றுமுள்ளது.
பீடி சுற்றின கைகளைக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தீர்;
அவர் கிருபை என்றுமுள்ளது.
இவ்வருஷத்தில் நித்திரையடைந்தவர்களை இத்தனை காலம் எங்களோடே இருக்கச் செய்தீர்;
அவர் கிருபை என்றுமுள்ளது.

ஒவ்வொரு வரியும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து வரிகள் போதும், அதற்குமேல் பதில் இயந்திரமாகிவிடும். “ஆயிரம் ஸ்தோத்திர பலிகள்” போன்ற நீண்ட வரிசைகளைத் தனி ஜெபத்திலும் உபவாச ஜெபத்திலும் வாசிக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளும் முதியோரும் கூடியிருக்கிற பண்டிகை ஆராதனைக்கு அவை பொருந்துவதில்லை. வேகமாக ஓடவேண்டியிருப்பதால், எதற்காக ஸ்தோத்திரம் சொன்னோம் என்பது சொன்னவருக்கே தெரியாமல் போகிறது.

பதிலுக்கு முன்னும் ஆமெனுக்கு முன்னும் ஒரு கணம் நிறுத்துவதைப் பழகவேண்டும். கல்லாதவன் நீ பேசுகிறதை அறியாதிருந்தால் உன் ஸ்தோத்திரத்துக்கு எப்படி ஆமென் சொல்லுவான் என்று பவுல் கொரிந்தியரைக் கேட்கிறார். அந்த ஆமென் சபையாருக்குச் சொந்தமானது, ஒலிபெருக்கி வைத்திருக்கிறவர் அதைத் தாமே சொல்லி முடித்துவிடக் கூடாது. கட்டடத்தையும் பார்க்கவேண்டும். 192 அடிக் கோபுரமுடைய மெய்ஞ்ஞானபுரம் ஆலயம், மிஷனெரி கால்டுவெல் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டி 1880இல் பிரதிஷ்டை பெற்ற இடையன்குடி ஆலயம் போன்ற உயர்ந்த கட்டடங்களில் சத்தம் எதிரொலித்து அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். அங்கே மெதுவாகப் பேசவேண்டும். ஓட்டுக்கூரையும் தகரக்கூரையும் உள்ள சிறு ஆலயங்களில் ஒலிபெருக்கியே இல்லாமல் நடத்தினால் சபையாரின் குரல் எழும்பும்.

பாடல்கள்

பாடகர் குழு அந்த நாளுக்கென்று ஒரு புதிய பாடலைப் பயிற்சி செய்து தனியாகப் பாடட்டும், தவறில்லை. மற்றப் பாடல்கள் எல்லாருக்கும் தெரிந்தவையாக இருக்கவேண்டும். மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலையில் ஒன்று, தமிழ் ராகத்தில் அமைந்த கீர்த்தனையில் இரண்டு, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய பல்லவி என்பது போதுமான அளவு. கீர்த்தனையில் எல்லாச் சரணங்களையும் பாடுவதா என்பதை முன்னதாகத் தீர்மானித்து அறிவித்துவிட வேண்டும். நடுவில் கையைக் காட்டி நிறுத்துவது துதியை அறுத்துவிடும்.

பாடகர் குழு பயிற்சி செய்த சுருதியிலிருந்து ஒன்று அல்லது இரண்டு கட்டை இறக்கியே சபையாரோடு பாடவேண்டும். வயதான ஆண்கள் மேல் ஸ்தாயியை எட்ட முடியாமல் வாயை மூடிக்கொள்ளுகிறார்கள். அவர்கள் பாடவில்லை என்று பிரசங்கத்தில் கடிந்துகொள்ளுவதைவிட, கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் ஆராதனைக்கு முன்பே சொல்லிவைப்பது பயனுள்ளது. கீபோர்டின் தாளப்பெட்டியைக் கீர்த்தனைகளுக்கு நிறுத்திவைத்து, தபேலாவும் சிங்கியும் போதும் என்று சொல்லவேண்டும். அந்த இயந்திரத் தாளம் சபையார் மூச்சு வாங்குகிற இடத்தில் நிற்காது. இது என்னுடைய விருப்பு வெறுப்பு என்று வாலிபர்கள் சொல்லக்கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்திப் பார்த்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

சாட்சிகள்

ஆராதனையில் மிகவும் கடினமான பகுதி இதுதான். சாட்சி சொல்ல விரும்புகிறவர்களை ஆராதனை நடக்கும்போது “யாராவது வரலாம்” என்று அழைக்கக்கூடாது. அப்படி அழைத்தால் எப்போதும் பேசுகிறவர்கள் வருவார்கள், பேசவேண்டியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வீடு சந்திப்பில் கிடைத்த குறிப்புகளிலிருந்து மூன்று பேரைத் தெரிந்துகொண்டு, அவர்களோடு தனியாக உட்கார்ந்து, மூன்று நிமிஷத்துக்குள் சொல்லும்படி ஆயத்தம் செய்யவேண்டும். என்ன நேர்ந்தது, யார் உதவினார்கள், கர்த்தர் அதில் என்ன செய்தார் என்று மூன்றே காரியம். உதவினவர்களைச் சொல்லும்படி வற்புறுத்துவது நல்லது. அரசு மருத்துவமனைச் செவிலியரையும், வட்டியில்லாமல் பணம் தந்த பக்கத்து வீட்டாரையும், அவர்கள் எந்த மதத்தாராயிருந்தாலும், பெயர் சொல்லி நன்றி கூறுகிற சாட்சியில் தேவனுடைய மகிமை குறைந்துபோகிறதில்லை.

தவிர்க்கவேண்டிய ஒரு விதமான சாட்சி உண்டு. “அந்தப் பேருந்து விபத்தில் அத்தனை பேரும் இறந்துபோனார்கள், கர்த்தர் என்னை மட்டும் காப்பாற்றினார், ஸ்தோத்திரம்” என்று ஒருவர் சொல்லும்போது, அதே பேருந்தில் மகனை இழந்த தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அந்த ஸ்தோத்திரம் என்ன சொல்லுகிறது என்று யோசிக்கவேண்டும். காப்பாற்றப்பட்டதற்கு நன்றி சொல்லுவது நியாயமே. ஆனால் மற்றவர்களுடைய மரணத்தை அளவுகோலாக வைத்து அதை அளந்து காட்டவேண்டியதில்லை. “நான் பிழைத்தேன், ஏன் என்று எனக்குத் தெரியாது, இந்த ஜீவனை அவருக்கென்று வைக்கிறேன்” என்று சொன்னால் போதும். வேலை கிடைத்தவர், குழந்தை பெற்றவர், பரீட்சையில் முதலிடம் வாங்கினவர் எல்லாருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சபையில் வேலையற்றவரும் குழந்தையற்றவரும் தோற்றவரும் இருக்கிறார்கள், அவர்களும் அன்றைக்கு ஸ்தோத்திரம் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள்.

கடினமான வருஷத்தில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். வாழைத் தோட்டங்கள் படுத்தன, வீடுகளுக்குள் சேறு புகுந்தது. ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ், அதற்கு அடுத்த வாரம் வருஷ இறுதி ஸ்தோத்திர ஆராதனை. இப்படிப்பட்ட வருஷத்தில் வழக்கமான தாளை வாசிக்க முடியாது.

அப்போது ஆராதனை புலம்பலில் தொடங்கவேண்டும். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்குகிற 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்களுக்குள் பாடலில் முடிகிறது. ஆனால் முதல் வசனத்தைத் தாண்டி நேராகக் கடைசி வசனத்துக்குக் குதிக்க அது யாரையும் அனுமதிக்கிறதில்லை. வீடு சந்திப்பில் எழுதிக்கொண்ட இழப்புகளை இங்கே பெயர் சொல்லி வாசிக்கவேண்டும்: இறந்தவர்கள், இடிந்த வீடுகள், செத்த ஆடு மாடுகள், அழிந்த பயிர். அதன்பின் சற்று நேரம் அமைதி. அதற்குப் பின் ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரத்து 17, 18 வசனங்களை வாசிக்கலாம். அத்திமரம் துளிர்விடாமலும் வயல்கள் தானியத்தை விளைவியாமலும் தொழுவத்தில் மாடில்லாமலும் போனாலும் கர்த்தருக்குள் மகிழுவேன் என்கிற அந்த வார்த்தையை, எல்லாவற்றையும் இழந்த ஒருவர் தாமே முன்வந்து வாசித்தால் அதற்கு இருக்கிற வலிமை வேறு. இழக்காத ஒருவர் இழந்தவர்களைப் பார்த்து அதை வாசிக்கக்கூடாது.

“எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்ற வசனத்தை இந்தச் சூழ்நிலையில் எடுத்து ஆளுகிறவர்கள் நிதானமாக இருக்கவேண்டும். எல்லாவற்றிலேயும் என்றுதான் எழுதியிருக்கிறது. வெள்ளத்துக்காக நன்றி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. அந்த வெள்ளத்தில் படகு கொண்டுவந்தவர்களுக்காகவும், மொட்டைமாடியில் பல குடும்பங்கள் ஒரே பானையில் பொங்கிச் சாப்பிட்டதற்காகவும் நன்றி சொல்லலாம். கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் உள்ள சபைகளுக்கு 107ஆம் சங்கீதம் ஏற்றது. வனாந்தரத்தில் வழிதப்பினவர்கள், சிறைப்பட்டவர்கள், நோயுற்றவர்கள், கடலில் தத்தளித்தவர்கள் என்று நான்கு கூட்டத்தார் அதில் வருகிறார்கள். நால்வரும் முதலில் கூப்பிடுகிறார்கள், விடுவிக்கப்பட்ட பின்புதான் துதிக்க அழைக்கப்படுகிறார்கள். நான்கு பகுதிகளையும் நான்கு பேர் வாசிக்கும்படி பிரித்துக் கொடுக்கலாம்.

காணிக்கையும் ஏலமும்

உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் அதை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்புகிறதில்லை. தன் பிதாக்களின் கதையை, அடிமைத்தனத்தை, விடுதலையை வாய்திறந்து சொல்லுகிறான். நம்முடைய காணிக்கைப் பவனியிலும் இதற்கு இடம் கொடுக்கலாம். நெற்கதிரைக் கொண்டுவருகிற விவசாயி, கருப்பட்டி கொண்டுவருகிற பனையேறி, முதல் சம்பளத்திலிருந்து ஒரு பங்கைக் கொண்டுவருகிற பெண், வாரந்தோறும் சேர்த்த பிடியரிசியைக் கொண்டுவருகிற பெண்கள் ஐக்கிய சங்கத்தார், ஒவ்வொருவரும் பலிபீடத்தின் முன் ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும்.

ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்தினவர்களின் பெயரை வாசிக்கிற வழக்கம் வேரூன்றியது, அதை நிறுத்துவது சண்டையில் முடியும். தொகையை வாசிப்பதை மட்டுமாவது நிறுத்தலாம். தெரு வரிசையில் பெயர்களை வாசித்து, காரணத்தைச் சொல்லி, தொகையை ரசீதிலும் கணக்கிலும் வைத்துக்கொண்டால் ஐம்பது ரூபாய் கொடுத்தவரும் ஐயாயிரம் கொடுத்தவரும் ஒரே மூச்சில் வந்துபோவார்கள்.

காணிக்கையாக வந்த பொருட்களின் ஏலம் ஆராதனை முடிந்த பின், ஆலய வளாகத்தில் நடக்கட்டும். சேவலும் வாழைத்தாரும் முருங்கைக்கட்டும் சந்தை விலையைப் போல் பலமடங்குக்குப் போவது சந்தோஷத்துக்குரியதே. ஆனால் இரண்டு பேருக்கிடையில் கௌரவப் போட்டி எழும்புகிறதைக் கண்டால் ஏலம் கூறுகிறவர் நகைச்சுவையாக ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடத் தெரிந்தவராக இருக்கவேண்டும். ஏழை வீட்டிலிருந்து வந்த நான்கு முட்டையை ஏலம் எடுக்க ஆளில்லாமல் வைத்திருக்கக்கூடாது. அதை எடுப்பதற்குக் கமிட்டியில் ஒருவர் முன்பே ஆயத்தமாக இருக்கட்டும்.

அசனத்துக்குச் சமையல் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு காரியம் மட்டும். பந்தியில் யாருக்கும் தனி இடம் வைக்கக்கூடாது, குருவானவருக்கும் விருந்தாளிகளுக்கும் உட்பட. லேவியனும் உன்னிடத்தில் இருக்கிற பரதேசியும் உன்னோடே சந்தோஷப்படவேண்டும் என்பது அந்த உபாகமக் கட்டளையின் கடைசிப் பகுதி. ஆகையால் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் தங்கியிருக்கிற வடமாநிலத் தொழிலாளரை முந்தின நாளே போய் அழைக்கவேண்டும். படுக்கையில் இருக்கிறவர்களுக்கான சாப்பாட்டைப் பந்தி தொடங்குமுன் எடுத்துவைத்து, ஆராதனைத் தாளின் ஒரு பிரதியோடு கொடுத்தனுப்பவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வரவு செலவை அறிவித்துவிட வேண்டும். ஏலப் பாக்கியை ஒலிபெருக்கியில் கேட்கக்கூடாது, வீட்டில் போய்க் கேட்கலாம், கொடுக்க இயலாதவருக்குக் கமிட்டி தள்ளுபடி செய்யலாம். வந்த தொகையில் ஒரு பங்கு எந்த விதவைக்கு, எந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்பது பண்டிகைக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கவேண்டும். வீடு சந்திப்பு நோட்டில் அதற்கான பெயர்கள் ஏற்கெனவே இருக்கும்.